நோயாளி ஏறுவதற்கு முன்: ஒரு வைத்தியசாலைக் கப்பல் தயாராகும் கதை

2022 ஜனவரியில் ஒருநாள் இரவு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தபோது, அக்கா முகத்தைக் காட்டுவதற்கு முன்பே கையைக் காட்டினார். விரல் நுனிகளில் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது.

"என்னக்கா, சுட்டுப்போட்டீங்களோ?"

"இல்லையடி. கட்டில் துடைக்கிற தண்ணி. கையுறை போட்டும் இப்பிடித்தான். காலமை துவங்கி இப்பதான் முடிச்சனாங்கள்."

அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. மானிப்பாயில் பக்கத்து வளவு. அவர்கள் தென்னிந்தியத் திருச்சபை, நாங்கள் சைவம். இருபது வருடங்களுக்கு முன் கலியாணம் கட்டி நெதர்லாந்துக்குப் போனவர், அங்கே மொழி படித்து, மறுபடி பரீட்சை எழுதித் தாதியானவர். அந்த ஜனவரியில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் ஏறியிருந்தார். கப்பலின் பெயர் 'குளோபல் மேர்சி'. 'மேர்சி ஷிப்ஸ்' என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தினுடையது. 174 மீற்றர் நீளம், 12 தளங்கள், 6 சத்திரசிகிச்சைக் கூடங்கள், ஏறத்தாழ 200 நோயாளர் கட்டில்கள். உலகில் அரசாங்கம் சாராத வைத்தியசாலைக் கப்பல்களில் இதுதான் ஆகப் பெரியது.

நான் நினைத்துக்கொண்டிருந்தது, அக்கா ஏதோ பெரிய சத்திரசிகிச்சையில் டொக்டருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று. அப்படியே கேட்டும் விட்டேன். சிரித்தார்.

"எந்த ஒப்பரேசன்? கப்பலில ஒரு நோயாளியும் இல்லை. இன்னும் ஆபிரிக்காவுக்கே போகேல்லை. நாங்கள் ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரி ஆக்கிக்கொண்டு நிக்கிறம்."

இந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அக்காவிடம் கேட்டும், வாசித்தும் நான் விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வைத்தியசாலைக் கப்பல் பற்றிய செய்திகளில் எப்போதும் சத்திரசிகிச்சைக்கு முன், சத்திரசிகிச்சைக்குப் பின் என்று இரண்டு படங்கள் இருக்கும். அந்த முதல் படத்துக்கும் முன்னால் நடக்கிற வேலையை யாரும் படம் எடுப்பதில்லை.

முதலில் ஒரு அடிப்படை விடயம். இந்தக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது நோயாளிகளை வைத்துச் சிகிச்சை செய்வதில்லை. ஒரு நாட்டின் அரசாங்கம் அழைக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும், துறைமுகத்தில் இடம் ஒதுக்க வேண்டும். அதன் பிறகு கப்பல் போய்க் கட்டப்பட்டு, பல மாதங்கள் அங்கேயே நிற்கும். நோயாளிகள் கரையிலிருந்து ஏறுவார்கள். முகத்தில் வளர்ந்த கட்டி, பிளவுபட்ட உதடு, கண்புரை, வளைந்த கால், தீக்காயத்தில் ஒட்டிப்போன கை, பிரசவத்தில் கிழிந்து சிறுநீர் ஒழுகும் பெண்களின் நிலை, ஹேர்னியா. இவற்றுக்கெல்லாம் அங்கே கட்டணம் இல்லை. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் சத்திரசிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்குக் கிடைப்பதில்லை என்று லான்செட் ஆணைக்குழு 2015இல் சொன்னது. அந்த 500 கோடியில் ஒரு துளியைத்தான் ஒரு கப்பல் தொட முடியும்.

சேவைக்காலம் முடிந்ததும் கப்பல் புறப்பட வேண்டும். அப்போது வைத்தியசாலை முழுவதையும் கட்டி மூட வேண்டும். கட்டில்கள் சேர்த்துக் கட்டப்படும், இலாச்சிகள் ஒட்டப்படும், இயந்திரங்கள் பட்டிகளால் இறுக்கப்படும். கடலில் ஒரு ஆட்டம் ஆடினால், சில்லு வைத்த ஒவ்வொரு பொருளும் சுவரில் மோதப் புறப்பட்டுவிடும். அடுத்த நாட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் அவிழ்த்து, கூரையிலிருந்து நிலம்வரை கிருமிநீக்கி போட்டுத் துடைத்து, மறுபடி அடுக்க வேண்டும். ஆகவே வைத்தியசாலையைத் தயார்படுத்துவது ஒருமுறையோடு முடிகிற வேலை அல்ல. ஒவ்வொரு பயணத்துக்கும் அது திரும்ப வரும்.

புதுக் கப்பலில் இது இன்னும் கடினம் என்றார் அக்கா. காரணம் தூசி. குளோபல் மேர்சி சீனாவின் தியான்ஜினில் கட்டப்பட்டது. 2021இல் கையளிக்கப்பட்டு, செப்டம்பரில் அன்ட்வேர்ப் வந்து சேர்ந்தது. வந்தபோது அதில் கட்டிடம் இருந்தது, வைத்தியசாலை இருக்கவில்லை. மருத்துவ உபகரணங்கள் அங்கேதான் ஏற்றப்பட்டன. இரண்டு தளங்களில் பரந்த ஏறத்தாழ 7,000 சதுர மீற்றர் வைத்தியசாலைப் பகுதியில் ஒவ்வொரு துளை போடும்போதும் தூசி பறக்கும். அது காற்றுக் குழாய்க்குள் போகும், விளக்கின் மேல் இருக்கும், கட்டிலின் சில்லுக்குள் ஒளியும்.

"வீட்டில தூசி எண்டால் அது தூசி. தியேட்டரில தூசி எண்டால் அது புண்ணுக்குள்ள போற சாமான். எலும்பு ஒப்பரேசன் செய்த பிள்ளைக்குக் கிருமி தொத்தினால், கப்பல் போன பிறகு அந்தப் பிள்ளையை ஆர் பாக்கிறது?"

இந்தக் கேள்விக்குள் முழு விடயமும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சத்திரசிகிச்சை பிழைத்தால் திரும்பிப் போக ஒரு வாட் இருக்கிறது. கப்பல் புறப்பட்டுவிட்டால் அந்த வாட்டும் புறப்பட்டுவிடும்.

துடைத்து முடிந்ததும் எண்ணுதல். பெட்டி பெட்டியாக வந்திருக்கும் தையல் நூல்களை அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். காலாவதித் திகதியைப் பார்த்து, முதலில் முடிவதை முன்னுக்கும் பின்னர் முடிவதைப் பின்னுக்கும் அடுக்க வேண்டும். ஒரு பொருள் எந்த அலுமாரியில், எந்தத் தட்டில் என்று எழுதி ஒட்ட வேண்டும். ஏனென்றால் இங்கே தாதிமார் நிரந்தரமானவர்கள் அல்லர். சிலர் சில வாரங்களுக்கு வருவார்கள், சிலர் வருடக்கணக்காக நிற்பார்கள். கனடாவிலிருந்து நேற்று வந்த தாதி நள்ளிரவில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியின் பக்கத்தில் நின்றுகொண்டு "அது எங்கே இருக்கிறது?" என்று தேடக் கூடாது. அக்கா ஒரு முழுக் கிழமையும் லேபல் ஒட்டினாராம். "இதுக்கோ நான் தாதிப் படிப்புப் படிச்சனான் எண்டு ரெண்டாம் நாள் யோசிச்சன். மூண்டாம் நாள் யோசிக்கேல்லை" என்றார்.

துடைப்பதும் அடுக்குவதும் போக, தாதிகளும் மாலுமிகளைப்போலப் பயிற்சி எடுக்க வேண்டும். தீ மணி அடித்தால் எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டுவது, நடக்க முடியாத நோயாளியை ஒடுங்கிய படியால் எப்படித் தூக்கிச் செல்வது என்று திரும்பத் திரும்ப ஒத்திகை நடக்கும். சமையல்காரர், மின்வேலை செய்பவர், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை எல்லோரும் இதில் அடக்கம். குடும்பமாக வந்து தங்குபவர்களின் பிள்ளைகளுக்குக் கப்பலுக்குள்ளேயே பாடசாலை இருக்கிறது. மருத்துவம் படிக்காதவர்கள் இங்கே கணிசமானவர்கள். அவர்கள் இல்லாமல் சத்திரசிகிச்சைக் கூடத்தில் மின்விளக்கு எரியாது.

இன்னொன்று இருக்கிறது, நான் கேட்டு வியந்தது. இந்த நிறுவனத்தின் கப்பல்களில் நோயாளிக்கு இரத்தம் தேவைப்பட்டால் இரத்த வங்கி கப்பலில் இருக்கும் தொண்டர்கள்தான். பணிக்கு வருபவர்களின் இரத்த வகை பதிவில் இருக்கும். ஆள் வந்து படுத்து, சூடாகவே கொடுத்துவிட்டுப் போவார். மதியம் பாத்திரம் கழுவிய இளைஞனின் இரத்தம் மாலையில் ஒரு தாயின் உடம்பில் ஓடும்.

சம்பளம்? இல்லை. இல்லாதது மட்டுமல்ல, தொண்டர்கள் தங்கள் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் தாங்களே மாதாமாதம் காசு கட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பயணச் செலவும் தங்களுடையது. பலருக்கு ஊர்ச் சபை சேர்த்துக் கொடுக்கும். இதை எங்கள் அம்மாவிடம் சொன்னபோது, "வேலையும் செய்து காசும் குடுக்கிறதோ? இதென்ன புதினம்!" என்றார். அம்மாவின் கேள்வி நியாயமானதுதான். நான் அக்காவிடம் கேட்டேன். அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "கோயிலில அன்னதானத்துக்கு அரிசியும் குடுத்து, நிண்டு பரிமாறுறேல்லையே உங்கட அம்மா?" என்று திருப்பிக் கேட்டார். அதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்தத் தயார்படுத்தலுக்கு ஒரு வரலாறும் உண்டு. அது நம்மூரையும் மெல்லத் தொட்டுச் செல்கிறது.

அமெரிக்கக் கடற்படையின் பழைய வைத்தியசாலைக் கப்பல் ஒன்று 'ஹோப்' என்ற பெயரில் 1960 முதல் நாடு நாடாகப் போனது. மருத்துவர் வில்லியம் வோல்ஷ் தொடங்கிய திட்டம் அது. மத நிறுவனம் அல்ல. 1968இல் அந்தக் கப்பல் இலங்கைக்கு வந்து கொழும்பில் நின்றது. அந்தக் கப்பலைப் பற்றி அறிந்து உந்தப்பட்டவர்களில் ஒருவர் டொன் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க இளைஞர். 1978இல் அவரும் மனைவி டேயோனும் மேர்சி ஷிப்ஸைத் தொடங்கினார்கள். கையில் கிடைத்தது 1953இல் கட்டப்பட்ட, ஓய்வுபெற்ற இத்தாலியப் பயணிகள் கப்பல் 'விக்ரோறியா'. கிட்டத்தட்டப் பழைய இரும்பின் விலைக்கு, பத்து இலட்சம் டொலருக்கு வாங்கினார்கள். பெயரை 'அனாஸ்தாசிஸ்' என்று மாற்றினார்கள். கிரேக்க மொழியில் உயிர்த்தெழுதல்.

பெயர் வைத்தவுடன் கப்பல் உயிர்த்தெழவில்லை. 1982 வரை அது கிரேக்கக் கரையிலேயே கிடந்தது. பணம் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. தொண்டர்கள் துரு சுரண்டி, வர்ணம் பூசி, குழாய் மாற்றி வருடங்களைக் கழித்தார்கள். அதே காலத்தில்தான் இன்னொரு பிரச்சினையும் முளைத்தது. ஒரு பதின்ம வயதுப் பையனுக்குப் புதிய ஏற்பாடு கொடுத்து மதம் மாற்ற முயன்றதாக ஸ்டீவன்ஸ் மீதும் வேறு இருவர் மீதும் வழக்கு வந்தது. 1984இல் ஏதென்ஸ் நீதிமன்றம் மூவருக்கும் மூன்றரை வருடச் சிறை விதித்தது. 1986இல் மேன்முறையீட்டில் விடுதலையானார்கள்.

இதை நான் ஒளிக்காமல் எழுதக் காரணம் இருக்கிறது. உதவியும் மதமும் ஒன்றாக வரும்போது நம்மவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் எழும். சுனாமிக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் வடக்கிலும் கிழக்கிலும் அரிசிப் பையோடு துண்டுப் பிரசுரமும் வந்ததை நேரில் பார்த்தவள் நான். ஆகவே அக்காவிடம் நேரே கேட்டேன், அங்கே நோயாளிகளைச் சபைக்குச் சேர்க்கிறார்களா என்று. அவர் கோபிக்கவில்லை. வைத்தியம் பெற மதம் ஒரு நிபந்தனை அல்ல என்றார். வாட்டுக்குள் செபமும் பாட்டும் உண்டு என்பதை மறைக்கவும் இல்லை. குளோபல் மேர்சி முதன்முதலில் சேவைக்குப் போன செனகல் பெரும்பான்மை முஸ்லிம் நாடு. அழைத்தது அந்த அரசாங்கம். அழைத்தவர்களுக்குத் தாங்கள் யாரை அழைக்கிறோம் என்று தெரியும். ஆனாலும் வலியோடு படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் சொல்லப்படும் செபத்துக்கு ஒரு கனம் இருக்கிறது என்பது என் கருத்து. அக்கா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நாங்கள் அதிலே உடன்படாமலே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அனாஸ்தாசிஸ் 2007இல் ஓய்வுபெற்று இந்தியாவின் அலாங் கடற்கரையில் உடைக்கப்பட்டது. அதே வருடம் சேவைக்கு வந்தது 'ஆபிரிக்கா மேர்சி'. அது 1980இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட, புகையிரதங்களை ஏற்றிச் செல்லும் 'ட்ரொனிங் இங்கிரிட்' என்ற பாதைக் கப்பல். கடலுக்கு மேலாகவும் அடியாலும் பாதை போட்டுவிட்டதால் வேலையிழந்தது. புகையிரதப் பெட்டிகள் ஏறிய தளம் நீளமாக, தூண்கள் அதிகமில்லாமல் இருந்ததால் அதையே வைத்தியசாலையாக்கினார்கள். 1999இல் கைக்கு வந்த கப்பல் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்தில் மாற்றியமைக்கப்பட்டு முடிய 2007 ஆனது. குளோபல் மேர்சிக்கு 2013இல் ஒப்பந்தம் எழுதினார்கள், கையளித்தது 2021இல். பழைய கப்பலானாலும் புதிய கப்பலானாலும் தயாராகும் காலம் வருடக்கணக்கில்தான் இருக்கிறது.

இவ்வளவு பாடு ஒரு கப்பலுக்கு ஏன், கரையில் ஒரு வைத்தியசாலையைக் கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டேன். கப்பல் போகும் இடங்களில் மின்சாரம், சுத்தமான தண்ணீர் இரண்டும் நிச்சயமில்லை. கப்பல் தன் மின்சாரத்தையும் தண்ணீரையும் தானே பார்த்துக்கொள்ளும். தண்ணீருக்கு அங்கேயும் பஞ்சம்தான், குளிப்பதற்கு இரண்டு நிமிடம் என்று சட்டம். நாடு விட்டு நாடு போகவும் முடியும். 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபோது ஆபிரிக்கா மேர்சி திசை மாறி மடகஸ்காருக்குப் போனது. ஆனால் திசை மாறிய கப்பலுக்காக யாரோ ஒரு நாட்டில் காத்திருந்தவர்கள் தொடர்ந்து காத்திருந்தார்கள் என்பதும் உண்மை.

போகும் கப்பல் எதை விட்டுப் போகிறது என்பதுதான் கேட்க வேண்டியது. மானிப்பாயில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ் படித்து, மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, நூல்களைத் தமிழாக்கினார். 1873இல் அவர் திரும்பிப் போனபோது அவர் படிப்பித்தவர்கள் ஊரில் இருந்தார்கள். மேர்சி ஷிப்ஸும் உள்ளூர் மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும் பயிற்சி கொடுக்கிறது. குளோபல் மேர்சி 2022 மே இறுதியில் டக்கார் துறைமுகத்துக்குப் போனபோதும் பயிற்சியில்தான் தொடங்கினார்கள். சத்திரசிகிச்சை அடுத்த வருடம்தான்.

அக்கா ஏன் போனார் என்பதை நான் வெகுநாள் கேட்கவில்லை. அவர் விசுவாசி, அதனால் போனார் என்று நினைத்துவிட்டேன். ஒருநாள் அவராகவே சொன்னார். 2009 பெப்ரவரியில் அவருடைய மாமி, அப்பாவின் தங்கை, காலில் ஷெல் துண்டோடு புதுமாத்தளன் கரையில் கிடந்தவர். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் 'கிரீன் ஓஷன்' கப்பலில்தான் திருகோணமலைக்கு வந்தார். அந்த வருடம் பெப்ரவரி முதல் மே வரை அப்படி வெளியேற்றப்பட்டவர்கள், உடன் சென்ற உறவினர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 14,000 பேர். அது வைத்தியசாலைக் கப்பல் அல்ல, வெறும் பயணிகள் கப்பல். காயக்காரர் தளத்தில் வரிசையாகக் கிடந்தார்கள். கப்பல் கரைக்குக் கிட்ட வர முடியாததால் சிறு வள்ளங்களில் ஏற்றித்தான் அதனிடம் கொண்டுபோனார்கள்.

"அந்தக் கப்பல் வந்ததாலதான் மாமி இருக்கிறா. நான் அதைக் குறை சொல்லேல்லை. ஆனால் நிலத்தில கிடந்தவ. ஒரு கட்டில் இல்லை. அதுதான் எனக்கு மண்டைக்குள்ள நிண்டது" என்றார் அக்கா.

குளோபல் மேர்சியின் அடிப்பாகம் தண்ணீருக்குள் இறங்குவது ஆறு மீற்றர் சொச்சம்தான். ஆழம் குறைந்த துறைமுகங்களுக்கும் போக வேண்டும் என்று திட்டமிட்டே அப்படிக் கட்டினார்கள். முதன்முதலில் அதை வாசித்தபோது ஒரு தொழில்நுட்ப விபரமாகக் கடந்து போயிருந்தேன்.

ஆறு கிழமை முடிந்து அக்கா இறங்கியபோதும் கப்பலில் ஒரு நோயாளியும் இல்லை. அவர் விரித்த கட்டில்களில் யார் படுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கடைசி நாள் வாட்டைப் படம் எடுத்து வைத்திருந்தார். வெள்ளை விரிப்பு, மடித்த போர்வை, ஒரே அளவு இடைவெளியில் கட்டில்கள். மாமி இப்போது கிளிநொச்சியில் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது அக்கா அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பி, மாமிக்குக் காட்டச் சொன்னார்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதில எப்பிடிப் பிள்ளை ஏறுறது? வள்ளத்திலயோ?"

"இல்லை மாமி. துறைமுகத்தில கட்டியிருக்கும். பாலம் மாதிரி ஒரு படி. நடந்து ஏறலாம்."

"நடக்க ஏலாதவை?"

"தூக்கிக்கொண்டு போவினம்."

மாமி போனைத் திருப்பித் தந்தார். "அப்பச் சரி" என்றுவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற எழும்பினார்.